வனத்து அந்தோனியார் கேட்ட கேள்வி



கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லாத நாள் நம் குடும்பங்களில் இல்லை. அச்செபத்தின் இறுதியில் சோதனையைக் குறித்து ஒரு வேண்டுதல் வருகிறது. சிறுவயது முதல் பழகிய வாய் அதனைத் தங்குதடையின்றிச் சொல்லிவிடும். சோதனை என்னும் சொல்லின் பொருள் யாது என்று மனம் நின்று கேட்பதுதான் அரிது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்க பீடத்தில் நின்று அச்சொல்லுக்கு விளக்கம் தந்து வந்தவன் நான். அதன் ஒரு பகுதியைத் தவறாகவே விளங்கி வைத்திருந்தேன் என்பதை, பிரான்சு நாட்டின் கீழ்த்திசையிலுள்ள ஒரு சிறு நகரத்தில், ஓர் ஓவியத்தின் முன் நின்றபோது உணர்ந்தேன்.

பயணத்தைச் சொல்லுமுன் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில் கொத்தனார் ஒருவர் இருந்தார். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். கோவில் மதில் இடிந்தபோது கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தவர். சர்க்கரை நோயால் பாதத்தில் உண்டான புண் ஆறாமல் போய், முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். நற்கருணை கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, “சாமி, என் காலை வெட்டினபோது ஆண்டவர் எங்கே இருந்தார்?” என்று கேட்டார்.

நான் அவருக்குப் புத்தி சொன்னேன். அப்படிக் கேட்பது பாவம் என்றேன். அது பசாசு கொண்டுவரும் சோதனை, அதற்கு இடங்கொடுக்கக் கூடாது என்றேன். அவர் மறுமொழி சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் நான் எத்தனையோ முறை சென்றும் அக்கேள்வியை அவர் மீண்டும் கேட்கவில்லை. வேறு எதையும் மனம் விட்டுப் பேசவுமில்லை. சில மாதங்களில் இறந்துபோனார். நோயில்பூசுதலும் கொடுத்தேன், அடக்கமும் செய்தேன். ஆயினும் சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த முகம் என் நினைவைவிட்டு அகலவில்லை.

உரோமையில் ஒரு சுவர்

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் திருயாத்திரைக் குழு ஒன்றுடன் உரோமைக்குச் செல்லும் பேறு கிடைத்தது. வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்துள் நுழைந்தவர் அனைவரும் தலையை அண்ணாந்து மைக்கேல் ஆஞ்சலோ தீட்டிய விதானத்தையே நோக்கி நின்றனர். கழுத்து வலித்தமையால் நான் பார்வையைச் சுவருக்கு இறக்கினேன். வடபுறச் சுவரில், பொத்திசெல்லி என்னும் பிளாரன்ஸ் நகரத்து ஓவியர் 1481-82 ஆண்டுகளில் தீட்டிய கிறிஸ்துவின் சோதனைகள் என்னும் சுவரோவியம் இருக்கிறது. நான்காம் சிக்ஸ்துஸ் பாப்பரசரின் கட்டளைப்படி வரையப்பட்டது அது.

ஆண்டவருக்கு வந்த மூன்று சோதனைகளும் அதன் மேற்பகுதியில் இடமிருந்து வலமாக அமைந்துள்ளன. முதற்காட்சியில் பசாசு எவ்வடிவில் வருகிறது தெரியுமா? கொம்பும் வாலுமாக அன்று. துறவியின் அங்கி அணிந்து, வயது முதிர்ந்த தவசியைப் போல வருகிறது. பசித்திருக்கும் ஆண்டவருக்குக் கற்களைக் காட்டுகிறது. பார்ப்போருக்கு இரு பெரியவர்கள் வேதம் பேசிக்கொண்டு நிற்பதாகவே தோன்றும். மூன்றாம் காட்சியில், மலையுச்சியில் ஆண்டவர் அதனைத் துரத்தும்போதுதான் அங்கி விலகி, உள்ளிருந்த கோரவுருவம் வெளிப்படுகிறது.

பாவம் பக்தியின் உடையிலும் வரும் என்பதே பொத்திசெல்லி கற்பிக்கும் பாடம். அங்கி அணிந்தவனாகிய எனக்கு அது உறைக்கவே செய்தது. ஆனால் அவ்வோவியத்தில் இன்னும் ஒன்று என் கருத்தைக் கவர்ந்தது. நடுவில் தோன்றும் தேவாலயத்தின் முகப்பு, அதே பாப்பரசர் புதுப்பித்துக் கட்டிய பரிசுத்த ஆவி மருத்துவமனையின் முகப்பை ஒத்தது என்பர் அறிஞர். அதன் முன்புறத்தில் நடைபெறும் சடங்கு, தொழுநோய் நீங்கியவன் செலுத்தும் காணிக்கைப் பலியாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சோதனையைப் பற்றிய ஓவியத்தில் மருத்துவமனைக்கும் நோயாளிக்கும் என்ன வேலை? அக்கேள்வியோடுதான் உரோமையை விட்டுப் புறப்பட்டேன்.

திராட்சைத் தோட்டங்களினூடே

குருமடத்தில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியில் பங்குப்பணி செய்கிறார். குழுவினர் ஊர் திரும்பியபின், நான் ஒரு வாரம் அவரோடு தங்கினேன். மருத்துவமனையையும் சோதனையையும் பற்றி அவரிடம் சொன்னபோது, அவர் சிறிது நகைத்து, “அதற்கு விடை இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது, நாளை கொல்மாருக்குப் போவோம்” என்றார்.

ஸ்ட்ராஸ்பூர் நகரிலிருந்து கொல்மாருக்கு இரயிலில் ஏறக்குறைய அரைமணி நேரப் பயணம். கிழக்கே ரைன் நதியின் சமவெளி. மேற்கே வோஜ் மலைத்தொடர். மலைச்சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். அறுவடைக் காலமாகையால் ஆணும் பெண்ணுமாகக் கொடிகளுக்கிடையே குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தனர். கொல்மார் நகரத்துப் பழைய வீடுகள் மரச்சட்டங்களை நிறுத்தி இடையிடையே சுவர் வைத்துக் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், சன்னல்தோறும் பூச்சட்டிகள்.

மார்ட்டின் ஷோன்கவர் என்னும் ஓவியர் இந்நகரத்து மைந்தர். அவர் 1473-இல் தீட்டிய ரோசாப் பந்தலின் கீழ் அமர்ந்த தேவமாதா ஓவியம் இங்குள்ள தொமினிக்கர் ஆலயத்தில் இருக்கிறது. முதலில் அங்கு சென்று மாதாவை வணங்கினோம். அதே ஷோன்கவர் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்று ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றது. வனத்து அந்தோனியாரைப் பசாசுகள் ஆகாயத்தில் தூக்கி அலைக்கழிக்கும் காட்சி அது. மீனின் செதிலும் வௌவாலின் சிறகும் கொண்ட விகார உருவங்கள் அவருடைய தாடியையும் அங்கியையும் கைகளையும் பற்றி இழுக்கின்றன. புனிதரின் முகமோ அமைதியாக இருக்கிறது. மைக்கேல் ஆஞ்சலோ பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவனாயிருந்தபோது அப்படத்தைப் பார்த்து வண்ணத்தில் தீட்டினார் என்றும், செதில்களை உள்ளபடி வரைவதற்காக மீன் சந்தைக்கே போய் மீன்களைக் கவனித்தார் என்றும் அவர் சரித்திரம் கூறும்.

யார் இந்த அந்தோனியார்?

கோடி அற்புதராகிய பதுவை அந்தோனியாரை அறியாதார் நம்மில் இலர். இவர் வேறு. எகிப்து நாட்டில் ஏறக்குறைய 251-இல் பிறந்து, 356-இல் நூற்றைந்து வயதளவில் மரித்த பெருந்தவசி இவர். சொத்தனைத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பாலைவனம் புகுந்தவர். சனவரி 17-இல் இவர் திருநாள். நம் நாட்டிலும் அன்று ஆடுமாடுகளைக் கோவிலுக்குக் கொண்டுவந்து மந்திரிக்கச் செய்யும் ஊர்கள் உண்டு. இவருடைய சுரூபத்தின் காலடியில் பன்றியைக் கண்டு, இது ஏன் என்று கேட்கும் சிறுவர்களும் உண்டு.

அப்பன்றிக்குக் காரணம் இவர் பெயரால் தோன்றிய துறவற சபை. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டில் தொடங்கிய அந்தோனியார் சபைத் துறவிகள் ஒரு கொடிய நோயால் வருந்துவோரைப் பேணுவதையே தம் தொண்டாக ஏற்றனர். நோயாளிகளின் உணவுக்காக அவர்கள் வளர்த்த பன்றிகள் கழுத்தில் மணி கட்டிக்கொண்டு தெருவில் தாராளமாக மேய்ந்தன. அந்நோய்க்கு மக்கள் இட்ட பெயர் அந்தோனியார் நெருப்பு. கைகால்கள் தீப்பற்றினாற்போல் எரியும். பின்னர் கருத்து உலர்ந்து உடலைவிட்டுக் கழன்றுபோகும். சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும்.

அந்நாளில் அதன் காரணம் யாருக்கும் தெரியாது. ‘ரை’ என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின் கதிரில், மழைமிகுந்த ஆண்டுகளில், ஒருவகைக் கரிய பூஞ்சணம் பற்றும். அதனை மாவோடு அரைத்து உண்ட ஏழைகளே இந்நோய்க்கு இரையாயினர் என்பது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மருத்துவ உலகுக்குத் தெளிவாகத் தொடங்கியது. பசிக்கு உண்ட அப்பமே நஞ்சாயிற்று! கற்களை அப்பமாக்கச் சொன்ன சோதனையைச் சுவரில் கண்டு வந்த எனக்கு, இதைக் கேட்டதும் நெஞ்சு கனத்தது.

இலிண்டன் மரத்தடி மடம்

கொல்மாரில் நாங்கள் நாடிச் சென்ற இடம் உந்தர்லிந்தன் அருங்காட்சியகம். ‘இலிண்டன் மரங்களின் கீழ்’ என்பது அப்பெயரின் பொருள். 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த தொமினிக்க சபைக் கன்னியர் மடம் அது. பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைக்கப்பட்டது, 1853-இல் அருங்காட்சியகமாயிற்று. கன்னியர் செபித்த சிற்றாலயத்தில்தான் இசன்ஹைம் பீட ஓவியம் வைக்கப்பட்டிருக்கிறது.

இசன்ஹைம் கொல்மாருக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூர். அங்கிருந்த அந்தோனியார் சபை மடத்தின் ஆலயத்துக்காக, மடத்தலைவர் குயிதோ குவெர்சியின் காலத்தில், 1512-க்கும் 1516-க்கும் இடையே இவ்வோவியம் வரையப்பட்டது. ஓவியரை உலகம் கிருனேவால்ட் என்று அழைக்கிறது. அது அவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் ஒருவர் நூலில் எழுதிவைத்த பெயர். மாத்திஸ் கோத்தார்ட் நைத்தார்ட் என்பதே அவருடைய உண்மைப் பெயர் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டனர். 1528-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் மரித்தார். புரட்சிக் காலத்தில் இப்பீடம் கொல்மாருக்குக் கொண்டுவரப்பட்டது. முதல் உலகப் போரின்போது, 1917-இல், மியூனிக் நகருக்குச் சென்று, 1919-இல் மீண்டது. 2018 முதல் 2022 வரை நிபுணர்கள் பழைய மெருகெண்ணெயின் அழுக்கை நீக்கிச் செப்பனிட்டதால், வண்ணங்கள் நேற்றுத் தீட்டினாற்போல் ஒளிர்கின்றன.

இப்பீடம் கதவுக்குள் கதவாக மூன்று நிலைகளில் திறக்கும் அமைப்புடையது. இக்காலத்தில் எல்லாப் பக்கங்களையும் காணுமாறு பலகைகளைத் தனித்தனியே நிறுத்தியுள்ளனர். சாதாரண நாட்களில் மூடிய நிலையில் தோன்றியது பாடுபட்ட ஆண்டவரின் காட்சி. நம் வீட்டுப் பாடுபட்ட சுரூபங்களில் இத்தகைய உடலை நாம் கண்டதில்லை. நிறம் பச்சை கலந்து வெளிறியிருக்கிறது. உடலெங்கும் முள் தைத்த புண்கள். விரல்கள் வேதனையால் விரிந்து வானை நோக்கி நிற்கின்றன. நோயாளி இங்கு வந்ததும் அவனைப் பீடத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கமாம். தன் புண்களை ஆண்டவர் மேனியில் அவன் கண்டிருப்பான்.

சிலுவைக் காட்சிக்கு ஒரு பக்கத்தில் வனத்து அந்தோனியார் தம் கோலை ஊன்றி நிற்கிறார். அவர் தலைக்குப் பின்னால் உயரத்தில் ஒரு சன்னல். அதன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு பசாசு உள்ளே மூச்சை ஊதுகிறது. புனிதர் திரும்பிப் பார்க்கவில்லை. மூடிய கதவுகளில் சோதனை இவ்வளவே: வெளியே நின்று சன்னலை உடைக்கிறது. கதவுகள் முழுவதும் திறக்கும்போதுதான் அது உள்ளே புகுந்து செய்யும் வேலையைக் காண்கிறோம்.

தரையில் கிடக்கும் புனிதர்

கடைசி நிலையில், நடுவே நிக்கோலஸ் ஹாகெனவர் என்னும் சிற்பி மரத்தில் செதுக்கிய அந்தோனியார் அரியணையில் வீற்றிருக்கிறார். இருபுறமும் கிருனேவால்ட் தீட்டிய இரு பலகைகள். அவற்றுள் ஒன்றே அந்தோனியாரின் சோதனை. ஏறக்குறைய 265 சென்டிமீட்டர் உயரமுடைய அப்பலகையின் முன் வந்ததும் நான் ஓரடி பின்வாங்கினேன்.

ஷோன்கவரின் அந்தோனியார் ஆகாயத்தில் அமைதியாக இருந்தார் அல்லவா? இங்கே அவர் மல்லாந்து தரையில் கிடக்கிறார். ஒரு பசாசு அவர் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறது. பறவைத்தலையும் மனிதக் கைகளும் உடைய ஒன்று தடியை ஓங்கி நிற்கிறது. செபமாலையும் கோலும் பற்றிய கையை ஒரு விகாரப் பிராணி கவ்வுகிறது. பின்னால் அவருடைய குடிசை இடிந்து, உத்திரங்கள் மட்டும் நிற்கின்றன. இங்கே மயக்கும் அழகி இல்லை, பொற்காசு இல்லை, விருந்து இல்லை. பாவத்துக்கு இழுக்கும் இனிய பொருள் ஒன்றேனும் இல்லை. அப்படியானால் இது என்ன சோதனை?

விடை கீழே, இடப்பக்க மூலையில் இருக்கிறது. அங்கே ஓர் உருவம் சாய்ந்து கிடக்கிறது. தலையில் சிவப்பு முக்காடு, ஊதிய வயிறு, உடலெங்கும் கொப்புளங்கள், ஒரு கை தேய்ந்து மொட்டையாயிருக்கிறது, பாதங்களோ வாத்தின் பாதங்களைப் போலச் சவ்வுடையவை. இது நோயே உருவெடுத்து வந்தது என்பர் சிலர்; மடத்திலிருந்த நோயாளிதான் என்பர் சிலர். பசாசுகளின் கூட்டத்தில் கிடந்தாலும் அது யாரையும் அடிக்கவில்லை. தலையைப் பின்னே சாய்த்து வேதனையில் வாய் திறந்திருக்கிறது.

நேர் எதிரே, வலப்பக்கக் கீழ்மூலையில், ஒரு காகிதத் துண்டு தீட்டப்பட்டிருக்கிறது. அதில் இலத்தீன் மொழியில் சில சொற்கள். குருமடத்தில் கற்ற இலத்தீன் முழுவதும் மறந்துவிடவில்லை. நல்ல இயேசு எங்கே இருந்தார், தம் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை என்று அந்தோனியார் கேட்பதாக அச்சொற்கள் அமைந்துள்ளன.

வாசகர்களே, அவ்விடத்தில் என் கால்கள் அசையவில்லை. கொத்தனாரின் கேள்வி! பாவம் என்றும் பசாசின் வேலை என்றும் நான் கடிந்து அடக்கிய அதே கேள்வி! அதைப் பசாசு ஒன்றின் வாயிலே ஓவியர் வைக்கவில்லை. புனிதரின் சொல்லாக எழுதியிருக்கிறார். துறவிகள் அதனை அழிக்கவில்லை. தங்கள் ஆலயத்துப் பீடத்திலே வைத்தார்கள்.

அக்கேள்வி ஓவியரின் கற்பனையன்று. புனித அத்தனாசியார் எழுதிய அந்தோனியாரின் வரலாற்றிலேயே அது உள்ளது. கல்லறை ஒன்றில் தங்கியிருந்த அவரைப் பசாசுகள் குற்றுயிராகும்படி அடித்தன. பின்னர் மிருகங்களின் வடிவில் வந்து சூழ்ந்தன. அப்போது கூரை திறந்து ஒளி இறங்கிற்று, வேதனை நீங்கிற்று. ஒளியைக் கண்ட அந்தோனியார் நன்றி சொல்லவில்லை. இத்தனை நேரம் எங்கே இருந்தீர் என்றே கேட்டார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தாம் அங்கேயே இருந்ததாகவும், அவருடைய போராட்டத்தைக் கண்டுகொண்டிருந்ததாகவும் மறுமொழி கூறினார் என்கிறது வரலாறு.

மீண்டும் பலகையை அண்ணாந்து பார்த்தேன். பசாசுகளுக்கும் இடிந்த குடிசைக்கும் மேலே, பொன்னொளியின் நடுவே, பிதாவாகிய சர்வேசுரன் வீற்றிருக்கிறார். அவருடைய ஒளியிலிருந்து வானதூதர்கள் இறங்கிக் கரிய பசாசுகளோடு பொருகின்றனர். உதவி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. தரையில் கிடப்பவரைச் சூழ்ந்து நிற்கும் கூட்டம் அதனை அவரிடமிருந்து மறைக்கிறது; ஓவியத்தின் முன் நிற்கும் நோயாளிக்கோ இரண்டும் ஒருங்கே தெரிகின்றன.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வேதனையில் இருப்பவனுக்கு வரும் பெருஞ்சோதனை அந்தக் கேள்வியன்று. ‘இனிக் கேட்பதற்கு ஒருவருமில்லை’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதே சோதனை. கேள்வி கேட்கிறவன் இன்னும் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கிறான். சிலுவையில் தொங்கிய ஆண்டவரும் தம் பிதாவை நோக்கி, ஏன் கைவிட்டீர் என்று கேட்டாரன்றோ! நான் அந்த மனிதரைச் சோதனையிலிருந்து காப்பதாக எண்ணி, அவர் சொல்லிக்கொண்டிருந்த செபத்தை நிறுத்திவிட்டேன்.

காகம் கொண்டுவந்த அப்பம்

மறுபக்கத்துப் பலகையில் புயலுக்குப் பின் அமைதி. அந்தோனியார் வனத்துச் சின்னப்பரைக் காண வந்திருக்கிறார். இரு முதியவர்களும் எதிரெதிரே அமர்ந்து உரையாடுகின்றனர். வழக்கமாக ஒருவருக்கு மட்டும் அப்பம் கொண்டுவரும் காகம் அன்று விருந்தினருக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறது. அவர்கள் காலடியில் வளர்ந்துள்ள செடிகளைச் சும்மா வரைந்த புல்பூண்டு என்று எண்ணலாகாது. அந்தோனியார் நெருப்புக்கு மருந்தாகத் துறவிகள் பயன்படுத்திய மூலிகைகள் அவற்றிலே இனங்கண்டறியப்பட்டுள்ளன.

“கேள்வி ஒரு பலகையில், மறுமொழி இன்னொரு பலகையில்” என்றார் நண்பர். உண்மைதான். இசன்ஹைம் துறவிகள் நோயாளிகளுக்கு ஆண்டவரின் மறைவைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருக்கவில்லை. படுக்கை கொடுத்தார்கள். மூலிகைக் களிம்பு தடவினார்கள். புனிதரின் அருளிக்கம் தொட்ட திராட்சை இரசத்தைப் பருகக் கொடுத்தார்கள். நல்ல கோதுமை அப்பமும் இறைச்சியும் ஊட்டினார்கள். நஞ்சு கலந்த ரை அப்பத்தை விட்டுக் கோதுமை அப்பம் உண்டதனாலேயே பலர் தேறினர் என்பது இன்று நமக்குத் தெரியும். துறவிகளுக்கு அந்த இரகசியம் தெரியாது. அன்பினால் கொடுத்த உணவு, கொடுத்தவர்களும் அறியாமல் மருந்தாயிற்று. ஆண்டவர் எங்கே இருந்தார் என்று கேட்ட நோயாளிக்கு, அந்த அப்பத்தை ஏந்திய கையிலேயே அவர் இருந்தார் என்று சொல்லலாம் அல்லவா?

சிஸ்டைன் சுவரில் மருத்துவமனைக்கு என்ன வேலை என்று நான் கேட்ட கேள்விக்கும் எனக்கு ஒரு விடை கிடைத்தது. பொத்திசெல்லியின் பசாசு அங்கி அணிந்து நல்ல சொல்லோடு வந்தது. கையிலோ கல்லைத்தான் காட்டியது. நோயாளியின் கட்டிலருகே அங்கி அணிந்து போய், அப்பம் வேண்டியவனுக்குக் கல்லைப் போன்ற சொற்களைக் கொடுப்பது நமக்கு, சிறப்பாக என்னைப் போன்ற குருக்களுக்கு, வரும் சோதனை. அதனை நான் வெல்லவில்லை.

ஊர் திரும்பியபின்

அருங்காட்சியகத்தின் வாசலில் அப்பலகையின் படம் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன். ஊர் வந்து சேர்ந்த இரண்டாம் வாரம், பழைய பங்குக்குப் போய்க் கொத்தனாரின் மனைவியைக் கண்டேன். அவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். நடந்ததைச் சொல்லி, “அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னது தவறு, அம்மா. அவர் கேட்டது பாவமன்று” என்றேன். படத்தையும் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். பசாசுகளைப் பார்த்து அஞ்சவில்லை. மூலையில் கிடந்த நோயாளியின்மேல் விரலை வைத்து, “இவருக்கும் இப்படித்தான் கொப்புளம் வந்துச்சு, சாமி” என்றார். பிறகு, “எங்கிட்டயும் அதையேதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியல. அதனால பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்” என்றார்.

குருமடத்தில் பல ஆண்டுகள் பயின்ற நான் கொடுக்கத் தவறிய மறுமொழியை, அந்த அம்மாள் சொல்லின்றியே கொடுத்திருக்கிறார். அஞ்சலட்டையை அவரிடமே விட்டுவந்தேன்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ நோயுற்ற ஒருவர், ஆண்டவர் எங்கே இருந்தார் என்று உங்களைக் கேட்கக்கூடும். அஞ்சாதீர்கள், கடிந்துகொள்ளாதீர்கள், அவசரப்பட்டு விடை சொல்லவும் வேண்டாம். அது வனத்து அந்தோனியார் கேட்ட கேள்வி. கஞ்சியோ அப்பமோ கொண்டுபோய் அருகில் அமருங்கள். அவர் கையைப் பற்றிக்கொண்டு, அவரால் இயலுமானால் அவரோடும், இயலாவிட்டால் அவருக்காகவும், கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லுங்கள். சோதனையைக் குறித்த அந்த வேண்டுதல் வரும்போது சற்று நிறுத்திச் சொல்லுங்கள். நானும் இப்போதெல்லாம் அவ்விடத்தில் நிறுத்தியே சொல்லுகிறேன்.